தோழியே தலைவியாகும்போது: நட்பு காதலாக மலரும் திரைப்படங்களில் குறிப்பறிதலும் மௌனமும்

முன்னுரை

நெடுநாள் நண்பர்களாகப் பழகும் ஆணும் பெண்ணும் தம்மிடையே உள்ளது காதலே என்பதைக் காலந்தாழ்ந்து உணர்வதாக அமையும் கதைகள் இந்தியத் திரையுலகில் தனியொரு வகையாக நிலைபெற்றுள்ளன. அப்பாஸ் டயர்வாலா இயக்கத்தில் 2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்த ‘ஜானே தூ யா ஜானே நா’ என்னும் இந்திப் படம் இவ்வகைக்குத் தக்க எடுத்துக்காட்டாகும். ஆமிர்கான் நிறுவனத்தின் தயாரிப்பாகிய இப்படத்திற்கு இசையமைத்தவர் ஏ.ஆர். ரகுமான். கதைத்தலைவியாக நடித்த ஜெனிலியா, அதே ஆண்டில் ‘சந்தோஷ் சுப்பிரமணியம்’ வாயிலாகத் தமிழ்ப் பார்வையாளரிடையே நன்கு அறிமுகமாகியிருந்தார். ஆதலின், மொழி வேறாயினும் அப்படம் தமிழருக்கு முற்றிலும் அயலானதாக இருக்கவில்லை.

இப்படத்தையும் இதனோடு ஒப்புநோக்கத்தக்க தமிழ், இந்திப் படங்கள் சிலவற்றையும் தமிழ் அகமரபின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இப்படங்களை உருவாக்கியோர் தொல்காப்பியத்தை மனத்திற்கொண்டு உருவாக்கினர் என்பது நம் கூற்றன்று. காதலை யார் முதலில் அறிகிறார், யார் எடுத்துரைக்கிறார், யார் காத்திருக்கிறார் என்னும் வினாக்களைத் தமிழ் இலக்கணம் மிக நுட்பமாக எழுப்பியுள்ளது. அவ்வினாக்களை இப்படங்களிடம் கேட்கும்பொழுது, இனிய பொழுதுபோக்காக மட்டும் தோன்றும் கதைகளுக்குள் மறைந்துள்ள ஒரு சமனின்மை புலப்படுகிறது. அதனைக் காட்டுவதே நாம் இங்குச் செய்ய முற்படும் பணி.

நட்பும் காதலும்: மரபின் பார்வை

தொல்காப்பியக் களவியலில் காதல் ஒரு காட்சியில் பிறக்கிறது. ஊழின் ஆணையால் ஒத்த தலைவனும் தலைவியும் எதிர்ப்படுகின்றனர். கண்டவுடன் வியப்பும் ஐயமும் தோன்றுகின்றன. ஐயம் நீங்கித் தெளிவு பிறக்கிறது. பின்னர் ஒருவர் உள்ளக் குறிப்பை மற்றவர் கண்வழி அறிகிறார். இம்முறைமையில் முன்பழக்கத்திற்கு இடமில்லை. குறுந்தொகையின் நாற்பதாம் பாடலில் செம்புலப்பெயனீரார் வியந்து போற்றுவதும் இதனையே. இருவருடைய தாயரும் ஒருவரையொருவர் அறியார், தந்தையரிடையே உறவில்லை, தாமும் முன்பு அறிமுகமில்லாதவர். இருந்தும் நெஞ்சங்கள் கலந்தன என்பதே அப்பாடலின் வியப்பு.

நட்பு காதலாகும் கதையோ இதற்கு நேர்மாறான தளத்தில் தொடங்குகிறது. தாயர் ஒருவரையொருவர் அறிவர், குடும்பங்கள் நெருங்கியவை, இருவரும் இளமை முதலே கூடி வளர்ந்தவர்கள். இங்கு வியப்பு வேறிடத்திற்கு மாறிவிடுகிறது. அறியாதார் நெஞ்சம் கலந்தமை சங்கப் பாடலின் வியப்பென்றால், இத்துணை அறிந்தும் தம் நெஞ்சை அறியாதிருந்தமை இத்திரைக்கதைகளின் வியப்பு எனலாம்.

திருவள்ளுவர் நட்பைப் பொருட்பாலில் எழுபத்தொன்பதாம் அதிகாரமாக வைத்தார். காதலுக்குக் காமத்துப்பாலைத் தனியே வகுத்தார். எனினும் ‘குறிப்பறிதல்’ என்னும் அதிகாரத் தலைப்பு இருமுறை இடம்பெற்றிருத்தல் ஈண்டு நோக்கத்தக்கது. எழுபத்தொன்றாம் அதிகாரத்தில் அது அமைச்சர் முதலியோர்க்குரிய ஆற்றல். நூற்றுப்பத்தாம் அதிகாரத்தில் காதலர்க்குரிய ஆற்றல். முகத்தால் உள்ளத்தை அறியும் கலை இரு துறைகளுக்கும் பொதுவாக இருந்தமையை இது காட்டும். அன்றியும், குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தேவகுலத்தார் தலைவன்மேல் தலைவி கொண்ட காதலை ‘நட்பு’ என்னும் சொல்லாலேயே குறிக்கிறார். ஆகவே நட்புக்கும் காதலுக்கும் இடையே மரபு எல்லை வகுத்திருப்பினும், மொழி அவ்வெல்லையை முழுதும் மூடிவிடவில்லை.

தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் அவ்வெல்லையைக் காப்பதிலேயே கருத்தாயிருந்தது. விக்ரமனின் ‘புது வசந்தம்’ (1990) ஒரு பெண்ணுக்கும் நான்கு ஆடவர்க்கும் இடையிலான நட்பைச் சித்திரித்து, அதனை ஐயுறும் காதலனை அப்பெண்ணே மறுப்பதாக முடிகிறது. ஆணும் பெண்ணும் நண்பர்களாகவே இருத்தல் கூடும் என்று நிறுவுவது அப்படத்தின் நோக்கம். அந்நோக்கம் அக்காலத்திற்குத் தேவையாகவும் இருந்தது. அகத்தியனின் ‘காதல் கோட்டை’ (1996) காட்சியையே நீக்கிவிட்டு, மடல்வழி வளரும் காதலைக் காட்டியது. காணாமலே நட்புக் கொண்ட கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் தமிழாசிரியர் பலருக்கு அது நினைவூட்டியிருத்தல் கூடும். ஆயினும் அருகிலேயே இருக்கும் தோழியைத் தலைவியாகக் காணும் கதை இவ்விரண்டினும் வேறானது.

சொல்லாத தோழி

அகமரபில் தோழி வெறும் துணைப்பாத்திரம் அல்லள். தலைவியின் மாற்றத்தை உணர்பவளும், தலைவனின் குறையைக் கேட்பவளும், வரைந்துகொள்ளுமாறு அவனை வற்புறுத்துபவளும், அறத்தொடு நின்று காதலைச் செவிலிக்கு வெளிப்படுத்துபவளும் அவளே. தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் தானே எடுத்துரைத்தல் இல்லை என்பது தொல்காப்பியம் கூறும் மரபு. அவளால் சொல்லவியலாததைச் சொல்லும் வாயாகத் தோழி அமைந்தாள். இவ்வேற்பாட்டில் தலைவியின் மௌனம் கைவிடப்பட்ட மௌனமாக இருக்கவில்லை.

தோழியே தலைவியாகிவிட்டால் என்ன நிகழும்? அவளுக்காகப் பேசுவார் யார்? நட்பு காதலாகும் படங்கள் யாவும் எதிர்கொள்ள வேண்டிய வினா இதுவே.

கரண் ஜோஹரின் ‘குச் குச் ஹோத்தா ஹை’ (1998) இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பிய படம். மலேசியாவில் இந்தியரிடையே மட்டுமன்றி மலாய்க்காரரிடையேயும் பெருவரவேற்பைப் பெற்ற படம் அது. கல்லூரியில் ராகுலுக்கு உற்ற தோழியாகிய அஞ்சலி, குட்டை முடியும் கூடைப்பந்துமாக அவனுக்கு நிகராக ஆடுகிறாள். அவள் தன் காதலைச் சொல்ல முற்படும் வேளையில், அவனோ டீனாவிடம் தான் சொல்லவிருக்கும் காதல் மொழியை அவளிடம் சொல்லிப் பார்க்கிறான். பாங்கனிடம் கூறவேண்டியதைத் தன்னை விரும்புபவளிடமே கூறுகிறான் என்பதை அவன் உணரவில்லை. அஞ்சலி ஒன்றும் சொல்லாமல் கல்லூரியை விட்டே நீங்குகிறாள். ஆண்டுகள் பல கடந்தபின் அவள் புடவையணிந்து, நீண்ட கூந்தலோடு வரும்பொழுதுதான் ராகுலின் கண்களுக்குப் பெண்ணாகத் தெரிகிறாள். முன்பு பந்தாட்டத்தில் அவனை வென்றவள் இப்பொழுது தோற்கிறாள்.

அஞ்சலிக்குத் தோழியாக நின்று பேசுவது இறந்துபோன டீனாவின் மடல்களும் அவற்றைப் படிக்கும் சிறுமியுமே. கதையமைப்பு என்னும் முறையில் இது உருக்கமானது. ஆயினும் ‘மெல்ல மலர்ந்த காதல்’ என்று நாம் போற்றுவது யாருக்கு மெல்ல மலர்ந்தது என்று கேட்டல் வேண்டும். அஞ்சலிக்கு அது கல்லூரி நாளிலேயே மலர்ந்துவிட்டது. காலந்தாழ்ந்தது ராகுலின் அறிவு மட்டுமே. அத்தாழ்வின் விலையைச் செலுத்தியவள் அவள்.

மொழி கடந்து சென்ற கதை

இவ்வகைக் கதை வடக்கிலிருந்து தெற்கே வந்தது என்று கருதுவோர் உளர். உண்மை நிலை வேறு. கமல் மலையாளத்தில் இயக்கிய ‘நிறம்’ (1999) தெலுங்கில் ‘நுவ்வே காவாலி’ (2000) என்று ஆகி, சிறந்த தெலுங்குப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. தமிழில் கமலே ‘பிரியாத வரம் வேண்டும்’ (2001) என அதனை இயக்கினார். பிரசாந்தும், மலையாள மூலத்தில் நடித்த ஷாலினியும் இதில் நடித்தனர். தெலுங்குப் படத்தை இயக்கிய கே. விஜய பாஸ்கர் 2003இல் அதனை இந்தியில் ‘துஜே மேரி கசம்’ என்று எடுத்தார். ஜெனிலியாவின் முதற்படம் அதுவே. ஐந்தாண்டுகளுக்குப்பின் ‘ஜானே தூ யா ஜானே நா’வில் அவர் ஏற்ற பாத்திரத்திற்கு ஒரு தென்னிந்திய முன்வரலாறு உண்டு என்பது இதனால் தெளிவாகும்.

இக்கதைமரபில் இரு குடும்பங்கள் உறவினும் நெருக்கமானவை. பிள்ளைகள் இருவரும் பிறந்தது முதலே பிரியாதவர்கள். பெண் பயணத்தின் பொருட்டுச் சிறிது காலம் பிரியும்போது ஆண் தன் நெஞ்சை அறிகிறான். பிரிவால் உள்ளத்தை உணர்த்தும் இம்முறை, பாலைத்திணை பயின்றோர்க்குப் புதியதன்று. ஆனால் அதற்குள் வேறொருவன் அவளை விரும்பி மணம்பேசத் தொடங்கிவிட, ஆண் தன் காதலை மறைத்துக்கொள்கிறான்.

இங்கு மௌனம் காப்பவன் ஆடவன் என்பதால் நம் கருத்து வலுவிழப்பதாகத் தோன்றலாம். உற்றுநோக்கின் அது வலுப்பெறவே செய்கிறது. ஆடவனின் மௌனத்தைப் படம் தியாகமாக உயர்த்துகிறது. பாடலும் இசையும் கண்ணீரும் அதற்குத் துணைநிற்கின்றன. அவன் பேசாதிருத்தலே கதையின் நடுநாயகமாகிறது. அஞ்சலி போன்ற பெண்ணின் மௌனமோ இயல்பாகக் கொள்ளப்பட்டு, பிற்பாதியின் நிகழ்ச்சிகளுக்குத் தோற்றுவாயாக மட்டும் நின்றுவிடுகிறது. ஒரே மௌனம் ஆணிடத்துச் சிறப்பாகவும் பெண்ணிடத்து இயல்பாகவும் மதிக்கப்படுதலை நாம் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

அறிந்தோரும் அறியாதோரும்: ‘ஜானே தூ யா ஜானே நா’

இப்படத்தின் பெயரே ‘நீ அறிவாயோ, அறியாயோ’ என்னும் பொருளுடையது. குறிப்பறிதலே இதன் கரு என்பதற்குத் தலைப்பே சான்று. ஜெய்யும் அதிதியும் கல்லூரி நண்பர்கள். அவன் சண்டையை வெறுக்கும் மென்மையானவன். அவள் எளிதில் சினங்கொள்பவள். அவளை அவன் பூனை என்றும், அவனை அவள் எலி என்றும் கருதி அழைத்துக்கொள்ளும் விளையாட்டில் ஆண்மை, பெண்மை பற்றிய வழக்கமான எதிர்பார்ப்புகள் தலைகீழாகின்றன. அதிதியின் பெற்றோர் அவர்கள் திருமணத்தைப் பற்றிப் பேச்செடுக்கும்பொழுது இருவரும் நகைத்து மறுக்கின்றனர். பெற்றோரும் நண்பரும் அறிந்ததை அவ்விருவர் மட்டுமே அறியவில்லை. பின்னர் ஜெய் மேக்னாவோடும், அதிதி சுஷாந்தோடும் இணையும்பொழுதுதான் தாம் இழந்தது இன்னதென்று உணர்கின்றனர்.

கதை சொல்லப்படும் முறை சிறப்பாகக் கருதத்தக்கது. விமான நிலையத்தில் காத்திருக்கும் நண்பர் குழு, இக்கதையில் முதலில் நாட்டமில்லாத ஒரு புதியவளிடம் அதனைக் கூறுகிறது. அகப்பாடலும் மாந்தர் கூற்றாகவே அமைவது. தோழி கூற்று அவற்றுள் பெரும்பகுதி. அதிதியின் தோழமைப் பணியை ஒருவர் ஏற்காமல் குழுவே ஏற்றுக்கொண்டது என்று நாம் இதனைப் படிக்கலாம். தலைவியாகிவிட்ட தோழிக்குப் பேச ஒரு கூட்டமே இருக்கிறது. அஞ்சலிக்குக் கிட்டாத பேறு இது. அதிதி தன் உடையையோ குரலையோ சினத்தையோ மாற்றிக்கொள்ள வேண்டியதுமில்லை. ஜெய் காதலிப்பது முன்பிருந்த அதே அதிதியைத்தான். இவ்விரு கூறுகளிலும் பத்தாண்டு முந்தைய படத்தைவிட இது முன்னேறியுள்ளது.

எனினும் படத்தின் பிற்பகுதி அம்முன்னேற்றத்தைத் தானே தளர்த்துகிறது. ஜெய்யின் குலத்தில் ஓர் ஆண் தன்னை நிறுவிக்கொள்ள மூன்று செயல்கள் விதிக்கப்பட்டுள்ளன: ஒருவனை அடித்தல், சிறை செல்லல், குதிரையேறுதல். அவன் தாய் சாவித்திரி (ரத்னா பாடக் ஷா) மகனை வன்முறையினின்றும் விலக்கி வளர்த்தவள். இறந்த தந்தையின் உருவப்படம் (நசிருதீன் ஷா) உயிர்பெற்று அவளோடு வாதிடும் காட்சிகள் நகைச்சுவையில் தலைசிறந்தவை. ஆனால் வாதத்தில் இறுதியாக வெல்வது உருவப்படமே. அதிதியைச் சுஷாந்த் அறைந்ததை அறிந்து ஜெய் அவனை அடிக்கிறான், காவல்நிலையத்தில் அடைபடுகிறான், குதிரையேறி விமான நிலையம் விரைகிறான். மூன்று விதிகளும் நிறைவேறுகின்றன.

நகைச்சுவை என்று இதனைக் கடந்துவிடலாம். இயக்குநரும் பழைய வீரக்கதைகளை எள்ளவே இதனை வைத்தார் என்று வாதிடுவதற்கும் இடமுண்டு. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அடிபட்டவள் அதிதி. அச்செயலைப் பற்றி அவள் என்ன நினைத்தாள், எவ்வாறு அதனை எதிர்கொண்டாள் என்பதற்குப் படத்தில் போதிய இடமில்லை. அவள் முகத்தில் பட்ட அடி, ஜெய் தன் ஆண்மையை நிறுவுவதற்கு வாய்த்த நிமித்தமாகச் சுருங்கிவிடுகிறது. சிறு நிகழ்ச்சிக்கும் வாய்விட்டுச் சண்டையிடும் அதிதி, தன்மீது நிகழ்ந்த கொடுமையிலும் தன் காதலிலும் மட்டும் அடங்கிப்போகிறாள். தலைவி தன் வேட்கையைத் தலைவனிடம் கூறாள் என்னும் பழமரபு புதிய உடையில் தொடர்கிறது. அம்மரபு அவளுக்குத் துணையாகத் தந்த தோழியோ இங்கு நிகழ்ந்ததைச் சொல்லும் கதைசொல்லியாக மட்டும் எஞ்சுகிறாள்.

தமிழில் இரு மறுமொழிகள்

அண்மைக்காலத் தமிழ்ப் படங்கள் இரண்டு, இவ்வினாவுக்கு வெவ்வேறு மறுமொழிகளைத் தருகின்றன. அஷ்வத் மாரிமுத்துவின் ‘ஓ மை கடவுளே’ (2020) படத்தில் திருமணப் பேச்சை முதலில் எடுப்பவள் தோழியாகிய அனு (ரித்திகா சிங்). அர்ஜுன் (அசோக் செல்வன்) எண்ணிப் பாராமல் இசைகிறான். தோழியை மனைவியாகக் காணவியலாமல் தடுமாறுகிறான். மணமுறிவின் வாயிலில் நிற்கும் அவனுக்கு, விஜய் சேதுபதி ஏற்ற கடவுள் பாத்திரம் மற்றொரு வாய்ப்பை அளிக்கிறது. அவ்வாய்ப்பில்தான் அவளையும் அவள் தந்தையின் உழைப்பையும் அவன் அறிந்துகொள்கிறான். இங்குத் தலைவி கூறிவிட்டாள். எனவே கற்றுக்கொள்ளும் கடமையும் காத்திருக்கும் துன்பமும் தலைவன்மேல் விழுகின்றன. கடவுளை வரவழைத்தது கதையின் எளிய வழியே எனினும், சுமை இடம் மாறியதை நாம் வரவேற்கலாம்.

மித்ரன் ஆர். ஜவஹரின் ‘திருச்சிற்றம்பலம்’ (2022) மேலும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. உணவு கொண்டுசேர்க்கும் தொழில் செய்யும் திருச்சிற்றம்பலம் (தனுஷ்), தாயையும் தங்கையையும் பறித்த விபத்திற்குப்பின் காவல்துறையில் பணியாற்றும் தந்தையோடு (பிரகாஷ்ராஜ்) பேச்சற்று வாழ்கிறான். தாத்தா (பாரதிராஜா) இடையே நிற்கிறார். அதே குடியிருப்பில் வாழும் ஷோபனா (நித்யா மேனன்) இளமை முதலே அவன் தோழி. பள்ளித்தோழி அனுஷாவிடமும், ஊர்ப்புறத்தில் கண்ட ரஞ்சனியிடமும் அவன் மனம் சாயும்பொழுதெல்லாம் ஊக்கமளிப்பவள் ஷோபனாவே. பாங்கனுக்கும் பாங்கிக்கும் உரிய பணி இரண்டையும் அவள் ஒருத்தியே செய்கிறாள். இருமுறையும் அவன் தோற்றுத் திரும்பியபின், தாத்தா அருகிலிருக்கும் அவளைச் சுட்டிக்காட்டுகிறார். வரைவு கடாவும் தோழியின் இடத்தை முதியவர் ஒருவர் ஏற்பது அழகிய மாற்றம். ஷோபனாவின் உள்ளத்தில் அன்பு முன்பே இருந்தது என்பதைப் பின்னர் அறிகிறோம்.

அவ்வாறாயின் முன்னைய காட்சிகள் யாவும் வேறு பொருள் பெறுகின்றன. பிறளொருத்தியிடம் காதலைச் சொல்லுமாறு அவனைத் தூண்டியபொழுது அவள் முகத்தில் இருந்தது வெறும் குறும்பன்று. நித்யா மேனனின் நடிப்பு அங்கேதான் சிறக்கிறது. நகைப்புக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே தோன்றும் சிறு தயக்கத்தில் சொல்லாதது முழுதும் தங்கியிருக்கிறது. 2022ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகைக்கான விருது 2024இல் அறிவிக்கப்பட்டபோது, அதனைப் பகிர்ந்துகொண்ட இருவருள் அவரும் ஒருவர். நகைச்சுவை கலந்த ஓர் எளிய குடும்பப் படத்தின் நடிப்புக்கு அவ்விருது கிடைத்தமை பொருத்தமே.

படம் அவள் வலியை அறியாதிருக்கவில்லை. ஆனால் அவ்வலியின் முழுக்கணக்கை எடுக்கவும் அது துணியவில்லை. இருவர் மறுத்தபின் தன்னிடம் வந்த காதலை அவள் எவ்வாறு ஏற்பது? கடைசித் தெரிவாகத் தான் ஆனதை எவ்வாறு செரித்துக்கொள்வது? கனடாவுக்குச் செல்லும் பயணமும் பிரிவும் அவ்வினாவை விரைந்து முடித்துவிடுகின்றன. ‘குச் குச் ஹோத்தா ஹை’ முதல் ‘திருச்சிற்றம்பலம்’ வரை கால் நூற்றாண்டு அளவில், தோழி தன் தோற்றத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் நீங்கியுள்ளது. முன்பே அறிந்திருந்தும் சொல்லாதிருக்கும் கட்டாயம் அத்துணை எளிதில் நீங்கவில்லை.

வகுப்பறைப் பயன்

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் ஆசிரியர் கல்விக் கழகத்தின் பினாங்கு வளாகமும் அமைந்துள்ள கெலுகோர் போன்ற கல்விச்சூழலில் இவ்வாய்வுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. களவு, கற்பு, தோழி கூற்று முதலியவை தேர்வுக்காக மனனம் செய்யப்படும் கலைச்சொற்களாகவே மாணவரிடம் தங்கிவிடுவதை ஆசிரியர் அறிவர். ஷோபனா பிறளொருத்தியின்பால் நண்பனை அனுப்பும் காட்சியை முன்வைத்து, ‘இங்குத் தோழி யார்? தலைவி யார்? அவளுக்காகப் பேசுவார் யார்?’ என்று வினவினால், தோழி என்னும் பாத்திரத்தை மரபு ஏன் படைத்தது என்பதை மாணவர் தாமே கண்டடைவர்.

இதில் இரு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, திரைப்படத்தைச் சங்கப் பாடலின் எளிய பதிப்பாகக் காட்டுதல் கூடாது. இரண்டும் தனித்தனி மரபுகளை உடையவை. ஒப்புமையினும் வேற்றுமையே பல இடங்களில் மிகுதியாகக் கற்பிக்கும். மற்றொன்று, மாணவரின் சொந்த வாழ்வைத் துருவும் வினாக்களை ஆசிரியர் தவிர்த்தல் வேண்டும். பாத்திரத்தைப் பற்றிப் பேசும் உரிமையே அவ்வயதினர்க்கு அகப்பாடல் நல்கும் பாதுகாப்பு. தலைவன், தலைவி என்று பெயர் சுட்டாது பாடிய மரபின் நாகரிகமும் அதுவே.

முடிவுரை

காட்சியில் பிறக்கும் காதலைப் பாடிய மரபு, பழக்கத்தில் விளையும் காதலை அளக்கவும் நமக்குக் கருவிகளைத் தந்துள்ளது. அவற்றைக் கொண்டு நோக்குங்கால், ‘ஜானே தூ யா ஜானே நா’ தோழியின் பணியை நண்பர் குழுவிடம் ஒப்படைத்து அதிதியின் இயல்பைக் காத்தது. ஆனால் இறுதியில் அவள் துன்பத்தை ஆண்மைச் சோதனைக்குரிய கருவியாக்கிற்று. ‘ஓ மை கடவுளே’ பெண்ணைப் பேசவைத்து ஆணைக் கற்கவைத்தது. ‘திருச்சிற்றம்பலம்’ பேசாதவளின் முகத்தைப் பார்க்க நமக்குக் கற்பித்தது.

பெண்ணும் ஆணும் நண்பர்களாகலாம் என்பதை நிறுவப் ‘புது வசந்தம்’ காலத்தில் ஒரு முழுப்படம் தேவைப்பட்டது. அந்நட்பு காதலாகலாம் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. அவ்வாறு ஆகும்பொழுது அவள் தன் நெஞ்சைத் தானே எடுத்துரைக்கலாம் என்பதையும், உரைத்ததைக் கேட்க ஒருவன் ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்பதையும் நம் திரைக்கதைகள் இயல்பாக ஏற்கும் நாளே, நட்பென்னும் சொல்லும் காதலென்னும் சொல்லும் குறுந்தொகைப் புலவர் கண்டாற்போல ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்கும் நாளாகும்.